ஒரு தடவைதான் கேட்பேன்

எங்கள் வீட்டில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. படுக்கையை மடிக்காமல் போகலாம், வீட்டுப்பாடத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை இழுக்கலாம், அப்பாவின் திருப்புளியை எடுத்துக் கடிகாரத்தைக் கழற்றிப் போடலாம். ஒரு கத்தலோடு போய்விடும். ஆனால் வாயில் போட்டதைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. "என்ன சாப்பிட்டே?" என்று நான் ஒரு தடவைதான் கேட்பேன். என்ன பதில் வந்தாலும் நம்புவேன். திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன், முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டேன். மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிறவள் என்று பேர் வாங்கிய நான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆறு வருடமாக வாக்குத் தவறியதில்லை.

என் மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது போட்ட ஒப்பந்தம் அது. பக்கத்து வீட்டில் ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தாள், மேலே எள் தூவிய பிஸ்கட். கேட்டேன், இல்லை என்றாள். மறுபடி கேட்டேன், இல்லை. குரலை உயர்த்திக் கேட்டேன், ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நானும் சரி, கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன். ஏழு நிமிடம் கழித்து வெளியே இழுத்தபோது உதடு வீங்கியிருந்தது, மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். ஏழு நிமிடம் முன்னாடி என்றுதான் என் காதில் விழுந்தது. அன்றைக்கு மூன்று தடவை கேட்டதால்தான் அவள் ஒளிந்தாள். அதனால் இனி ஒரு தடவை.

எள் எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு செடியின் விதை. அது பன்னின் மேலிருந்து கைக்குப் போகும், கையிலிருந்து நாற்காலிக்குப் போகும், நாற்காலியிலிருந்து என் பிள்ளையின் விரலுக்குப் போகும். அரைத்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது, ஏதோ ஒரு சாஸில் பேர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்குப் பகை என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான், அந்த ஆள் நகக்கண்ணுக்குள் நாலு பேராக ஒளிந்துகொள்ளும் அளவுக்குத்தான் இருக்கிறது.

என் வேலையும் அதற்குத் தோதானது. பொட்டல உறை அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை பார்க்கிறேன். பிஸ்கட், சூப் பொடி, ரொட்டி என்று எந்த உறை அச்சுக்குப் போனாலும், பின்பக்கத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்கிற பொடி எழுத்துப் பட்டியல் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதை நான் கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்குப் படிப்பேன். முன்னாலிருந்து படித்தால் அடுத்து என்ன வரும் என்று கண் தானாக ஊகித்துக்கொண்டு வழுக்கிப் போய்விடும். பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு வார்த்தையும் தனியாக நின்று பதில் சொல்லியாக வேண்டும். பதினோரு வருடத்தில் என் கையைத் தாண்டிப் போன பிழை இரண்டு. இரண்டும் காற்புள்ளி.

அந்த வேலைக்காகப் பிள்ளையை விட்டு நான் பிரிந்தது ஒரே ஒரு தடவை, நான் சொல்லப்போகும் பூங்காப் பயணத்துக்கு ஐந்து மாதம் முன்னால். புது இயந்திரம் வந்தது, பழகிக்கொள்ள வேறு ஊருக்குப் பத்து நாள் அனுப்பினார்கள். அவளுக்கு எதைக் கொடுக்கலாம், எது கூடாது என்று நாலு பக்கத்துக்கு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனேன். தினமும் சாயங்காலம் ஃபோனில் ஒரு தடவை கேட்பேன், "என்ன சாப்பிட்டே?" "சாதமும் முட்டையும்மா" என்பாள். திரும்பி வந்து பார்த்தால் வீடு வீடாக இருந்தது, பிள்ளை பிள்ளையாக இருந்தது. என் வீட்டுக்காரரை நான் வாய்விட்டுப் பாராட்டியது கல்யாணமாகி அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். "ஒரு கயிறு அறுந்தா இன்னொண்ணு பிடிக்கணும், அது அறுந்தா இன்னொண்ணு" என்பது அவர் பேச்சு. அதை நான் அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். மூச்சடைத்தால் உடனே போட, பேனா மாதிரி இருக்கும் ஊசி இரண்டு, ஒரு மஞ்சள் பையில். அதைப் போடத் தெரிந்த பெரியவர்கள் மூன்று பேர்: நான், அவர், என் தங்கை. தங்கை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். நான் பயிற்சி முடிந்து வந்த வாரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பள்ளி விட்டதும் பிள்ளையைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் படம் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஃபிரிட்ஜின் கதவு முழுக்கக் குதிரைகள். பிடரி பறக்க, கால் தூக்கி, நிஜமாகவே ஓடுகிற குதிரைகள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது மகள். அவருக்கு அதில் இஷ்டமில்லை. "ஏரிக்கரைப் பக்கம் போலாமே, கூட்டம் இருக்காது" என்றார். வேறு பூங்காவின் விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினார். நான் பிடித்த பிடியில் நின்றேன். மூன்று வாரம் பூங்காவுக்கு ஃபோன் செய்தேன். அறை துடைக்கும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், ரொட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், பொரிக்கிற எண்ணெய் எது என்று மூன்று பேரிடம் கேட்டு மூன்று பதிலையும் ஒத்துப்பார்த்தேன். கடைசியில் ஃபோன் எடுத்த பெண்ணுக்கு என் குரல் பழகிப்போய், "சொல்லுங்க எள்ளு மேடம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

தங்கையும் எங்களோடு வந்தாள். பூங்காவுக்குள்ளேயே தங்கும் அறை. கதவைத் திறந்ததும் யாரையும் உட்கார விடாமல் ஈரத்துணியோடு இறங்கினேன். மேசை, நாற்காலிக் கை, விளக்கு சுவிட்ச், டிவி ரிமோட், தலைமாட்டுப் பலகை. மூன்று பேரும் பெட்டிகளோடு வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"அக்கா, நீ தேய்க்கற வேகத்துல சுவர் பெயின்ட்டே வந்துரும்" என்றாள் தங்கை.

"வரட்டும். அதுலயும் என்ன கலந்திருக்கோ."

"விடும்மா, அவ திருப்திக்குத் துடைக்கட்டும்" என்றார் அவர். என் திருப்திக்கு என்று சொன்னது ஒரு மாதிரி இருந்தது, ஆனால் கையில் வேலை இருந்ததால் விட்டுவிட்டேன். மகள் நான் சொல்லாமலே மஞ்சள் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ரெடிம்மா" என்றாள். ஒன்பது வயதுக்கு எவ்வளவு பொறுப்பு என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வெளியே எள் போட்டால் எள் விழாத கூட்டம். எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வதற்குக்கூட ஒரு தைரியம் வேண்டும். ராட்டினம், இருட்டுக் குகை, சறுக்குமரம் என்று காலை முழுக்கச் சுற்றினோம். ஒவ்வொன்றிலும் அவள் உட்காரும் முன் கைப்பிடியை நான் துடைத்தேன். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். பாத்ரூம் எங்கே என்று நான் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கையில், "இங்கம்மா" என்று மகள் ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் விறுவிறுவென்று போனாள். அங்கே இருந்தது. தண்ணீர்ப் படகில், "இடது பக்கம் உக்காராதம்மா, தண்ணி உன் மேலதான் அடிக்கும்" என்றாள். அடித்தது, எதிர் வரிசையில் இடப்பக்கம் இருந்த ஒரு தாத்தா மேல். கெட்டிக்காரி, எதையும் ஒரு தடவை பார்த்தால் பிடித்துக்கொள்கிறாள் என்று தங்கையிடம் சொன்னேன். தங்கை செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மதியம் சாப்பாட்டுக்கு உணவகத்தில் மூலை மேசை சொல்லி வைத்திருந்தேன். சுவர்ப்பக்கம் மகள், அவளைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். குழந்தைகளுக்கென்று தட்டுக்கு அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து, ஒரு குவளை நிறைய வண்ண மெழுகுக் குச்சிகள் வைத்திருந்தார்கள்.

"சில்வண்டு, குதிரை ஒண்ணு போடேன், பாக்கலாம்" என்றேன். வாய் ஓயாததால் அவளுக்கு வீட்டில் அந்தப் பேர்.

"இப்பவா? பசிக்குதும்மா."

"சாப்பாடு வர்ற வரைக்கும்தானே. சும்மா அந்தப் பிடரி பறக்கற குதிரை."

அவள் சித்தியைப் பார்த்தாள். சித்தி தண்ணீர் குடித்தாள். மகள் பச்சைக் குச்சியை எடுத்து நாலு கோடு இழுத்து, மேலே ஒரு பெட்டி போட்டு, பெட்டிக்கு ஒரு மூலையில் தலை வைத்தாள். ஸ்டூலுக்குக் காது முளைத்தது போல இருந்தது. "கை வலிக்குது" என்று குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். காலையில் ராட்டினக் கம்பியைப் பிடித்த வலியாக இருக்கும் என்று அவள் விரலைத் தேய்த்துவிட்டேன்.

அப்போதுதான் தலைமைச் சமையல்காரர் வந்தார். ஒவ்வாமை என்று முன்கூட்டியே சொன்னவர்களின் மேசைக்கு அவரே வந்து கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பது அங்கே வழக்கம், அதற்காகத்தான் நான் அந்த உணவகத்தையே தேர்ந்தெடுத்திருந்தேன். பருத்த மனிதர், கையில் ஒரு டேப்லெட். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னவர், மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டார்.

"அட, பாப்பாவா! மறுபடி வந்துட்டீங்களா? இந்தத் தடவை அம்மாவையும் கூட்டிட்டு வந்தாச்சு!"

"நாங்க இப்பதான் முதல் தடவை வர்றோம்" என்றேன்.

"நீங்க முதல் தடவை மேடம். சாரையும் பாப்பாவையும் எப்படி மறப்பேன்? ரெண்டு எள்ளு பன்னுல்ல சாப்பிட்டா! இன்னிக்கும் அதையே..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும், அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா? என் பொண்ணுக்கு எள்ளு ஆகாது. மூணு வாரமா ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கேன். வேற யாரோ பிள்ளையை மனசுல வெச்சுக்கிட்டு எள்ளு பன்னுங்கறீங்க? இப்படித்தான் ஒவ்வொரு மேசைக்கும் ஆள் மாத்திக் குடுப்பீங்களா? மேனேஜரைக் கூப்பிடுங்க!"

பக்கத்து மேசைகளில் கரண்டிகள் நின்றன. அவர் முகம் சுண்டிப் போயிற்று. நல்ல மனிதர், என்னோடு எதிர்த்துப் பேசவில்லை. டேப்லெட்டை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

நான் வழக்கப்படி கீழேயிருந்து படித்தேன். கடைசியில் கையெழுத்து. வால் நீண்ட அந்தக் கடைசி எழுத்தை எனக்குத் தெரியும், பன்னிரண்டு வருடமாக வாடகை ஒப்பந்தத்திலும் பள்ளிப் படிவத்திலும் பார்க்கிறேன். அதற்கு மேலே தேதி. நான் பயிற்சிக்குப் போன ஐந்தாம் நாள். அதற்கு மேலே, 'மருத்துவர் சான்று பார்க்கப்பட்டது.' அதற்கு மேலே, 'எள் தடை நீக்கம்.' எல்லாவற்றுக்கும் மேலே என் மகளின் பெயர். ஒரு காற்புள்ளி பிழையில்லை.

நிமிர்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பேசினாள். என்னிடம் இல்லை.

"அப்பா, நான் சொல்லல! சத்தியமா நான் அம்மாகிட்ட சொல்லவே இல்லப்பா!"

ஐந்து மாத ரகசியம் உடைந்ததும் என் பிள்ளைக்கு வந்த முதல் பயம், தான் காட்டிக்கொடுத்துவிட்டதாக அப்பா நினைத்துவிடுவாரோ என்பது. என்னை ஏமாற்றினோமே என்பது இரண்டாவதாகக்கூட வரவில்லை.

சமையல்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நல்ல விஷயம்தானே மேடம்" என்றார். "அன்னிக்கி பாப்பா முதல் கடி கடிச்சதும் சார் அழுதுட்டார். குலுங்கிக் குலுங்கி. இவங்களும் அழுதாங்க" என்று தங்கையைக் காட்டினார். "தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன நானும் கண்ணத் தொடச்சுக்கிட்டேன்."

ஆறு வருடம் பொடி எழுத்துப் படித்தவள் நான். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கெல்லாம் மஞ்சள் பையோடு பின்னாலேயே பஸ்ஸில் போனவள் நான். அவள் பயமில்லாமல் ஒரு பன்னைக் கடிக்கிற நாள் வந்தால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்காத நாளில்லை. அந்த நாள் வந்து போய்விட்டது. அதைப் பேர் தெரியாத ஒரு சமையல்காரர் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அழ வேண்டிய அழுகை என்னுடையது, அதையும் வேறு ஆட்கள் அழுது முடித்துவிட்டார்கள்.

சமையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பிள்ளைக்கு ஆப்பிள் ஜூஸ் கொண்டுவரச் சொல்லி, தானே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் மூன்று பேரும் பின்பக்கக் கதவு வழியாக வெளியே போனோம். காலிப் பால் கூடைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த ஒரு முற்றம். ராட்டினத்தின் பாட்டு அங்கேயும் கேட்டது.

"எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?"

"நீ போன மூணாம் நாள்" என்றார் அவர். "ஆஸ்பத்திரியிலதான். நாலு மணி நேரம். கொஞ்சம் கொஞ்சமா எள்ளு குடுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் ஆகல."

"என்னைக் கேக்கணும்னு தோணல?"

"கேட்டேன். டாக்டர் ரெண்டு வருஷமாச் சொல்றார், ரத்த டெஸ்ட்ல ஒவ்வாமை அளவு குறைஞ்சிருக்கு, எள்ளு குடுத்துப் பாக்கலாம், கூட்டிட்டு வாங்கன்னு. முதல் தடவை நீ ஜுரம்னு தள்ளிப்போட்டே. அடுத்த தடவை ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்து ஆட்டோவைத் திருப்பச் சொன்னே."

அது நிஜம்தான். நான் மறுக்கவில்லை. அந்த வாசலில் எனக்குக் கதவுக்குப் பின்னால் கேட்ட விசில் மூச்சு கேட்டது, திரும்பிவிட்டேன்.

"சரி, டெஸ்ட் எடுத்தீங்க. அதுக்கும் எனக்குக் கோபம்தான், ஆனா அது ரெண்டு நாள்ல போயிரும். பாஸான அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் ஃபோனை எடுத்தேன். ஸ்பீக்கர்ல போட்டேன். நீ எடுத்த எடுப்புல 'என்ன சாப்பிட்டே'ன்னு கேட்டே. நீ அங்க தனியா இருந்து பதறுவியேன்னு, நான் அவளைப் பாத்துக் கண்ணைக் காட்டினேன். 'சாதமும் முட்டையும்'னுட்டா. அப்புறம் நாளைக்குச் சொல்லலாம்னு... நாளாக ஆக வாயே வரல."

"கண்ணைக் காட்டினீங்க."

அவர் ஒரு பால் கூடையை நகர்த்தி நேராக வைத்தார்.

"லிஃப்ட்ல ஏதாவது ஒரு கயிறை நீங்களே அறுத்துட்டு, மத்தவங்ககிட்ட சொல்லாமப் போவீங்களா? வீட்ல ஒரே ஒரு சட்டம்ங்க. அவ எது தின்னாலும் உண்மையைச் சொல்லுவாங்கற ஒரே ஒரு கயிறு. அதுல தொங்கிட்டுதான் நான் ஆறு வருஷமாத் தூங்கறேன்."

தங்கை என் கையைப் பிடித்தாள். "அக்கா, அவளுக்கு நல்லது நினைச்சுதான். டெஸ்ட் பாஸானாலும் வாரத்துக்கு ரெண்டு நாளாவது எள்ளு சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொன்னார், விட்டா திரும்பி வந்தாலும் வந்துருமாம். அதான் செவ்வாய், வெள்ளி..."

"அப்ப குதிரை?"

அவள் கண் கலங்கியது. "நான்தான் போட்டேன்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. ஃபிரிட்ஜ் நிறையக் குதிரை. போன மாதம் அச்சக முதலாளிக்கே ஃபோனில் படம் எடுத்து அனுப்பியிருந்தேன்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல? அவர் சொல்லலேன்னா நீ சொல்ல வேண்டாமா? நீ என் கூடப்பிறந்தவடி."

அவள் என் கையை விட்டாள். பிறகு சொன்னாள்: "உனக்கு இதைத் தவிர வேற பேச்சே இல்லக்கா. எந்திரிச்சா இது, படுத்தா இது. திடீர்னு இது இல்லேன்னா நீ என்ன பண்ணுவேன்னு எங்களுக்குப் பயமா இருந்துச்சு. பாவமாவும் இருந்துச்சு."

பாவம். காலையில் அறைவாசலில் மூன்று பேரும் பெட்டியோடு வரிசையாக நின்றது ஞாபகம் வந்தது. நான் ஓடியாடித் துடைத்துக்கொண்டிருக்க, அவர்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழந்தை பொம்மைக்குச் சோறூட்டுவதைப் பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி. என் மகள் உட்பட. மஞ்சள் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு "ரெடிம்மா" என்று அவள் சொன்னதும் எனக்காகத்தான். ஐந்து மாதமாக மூன்று பேரும் சேர்ந்து என்னைச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அந்தப் பையும் நாடகமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, பை நிஜம். ஒரு வருஷத்துக்குக் கையிலயே வெச்சிருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். திரும்பி வர வாய்ப்பு கம்மி, ஆனா இல்லேன்னு சொல்ல முடியாது."

"அப்ப ஏதாவது ஒண்ணுன்னா அவ உண்மையைச் சொன்னாத்தானே நமக்குத் தெரியும்?"

பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.

உள்ளே போனால் மகள் ஜூஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தில் குதிரைக்கு வால் போட்டு முடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதைக் கையால் மூடிக்கொண்டாள். "கோபமாம்மா?" என்றாள். இல்லை என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது. என்ன செய்வது, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கோபத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது? அப்பா கண்ணைக் காட்டினால் பிள்ளை என்ன செய்யும்? அப்படி நினைத்துத்தான் அவள் தலையைத் தடவினேன். கை தடவியது, மனம் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது.

சாப்பாடு வந்தது, ஆளுக்கு நாலு வாய் சாப்பிட்டோம். எள்ளு பன் கேட்கலாமா என்று யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு தங்கை மகளைக் கை கழுவ அழைத்துப்போனாள். நாங்கள் இரண்டு பேரும் படகு வரிசையில் முன்னால் போய் நின்றோம். மறுபடியும் படகு வேண்டும் என்று மகள் காலையிலேயே கேட்டிருந்தாள், அவளுக்காக ஒத்துக்கொண்டேன். வரிசையில் அவர் இரண்டு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கால் மணி நேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். தங்கை, சாப்பிட்ட மேசையிலேயே தொப்பியை விட்டுவிட்டேன் என்று திரும்பி ஓடினாள். மகள் எனக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். வழியெல்லாம் தின்பண்டக் கடைகள். உதட்டோரத்தில் ஏதோ ஒட்டியிருந்தது, சர்க்கரையாக இருக்கலாம், வெயிலில் காய்ந்த எச்சிலாகக்கூட இருக்கலாம். நான் எட்டித் துடைப்பதற்குள் அவளே புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் இருமினாள்.

ஒரு இருமல். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் நீளம். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அழுத தொண்டைக்கும் இருமல் வரும் என்று எனக்குத் தெரியும். படகிலிருந்து தெறிக்கிற தண்ணீருக்கும் வரும். என் கை தானாக அவள் இடுப்பிலிருந்த மஞ்சள் பையின் ஜிப்பைத் தேடியது.

குனிந்து அவள் முகத்துக்கு நேரே என் முகத்தை வைத்துக்கொண்டு, ஆறு வருடமாகக் கேட்கிற அதே குரலில் கேட்டேன்.

"என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. தண்ணி மட்டும்தான்."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். இமைகூட அசையவில்லை. செவ்வாயும் வெள்ளியும் சித்தி வீட்டிலிருந்து வந்து நிற்கும்போதும் இதே கண்ணால்தான் பார்த்தாள், இதே குரலில்தான் சொன்னாள். ஒரு வார்த்தை வித்தியாசமில்லை. பின்னாலிருந்து படித்தேன், முன்னாலிருந்து படித்தேன். எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை.

"நிஜமா சொல்லு. என்ன சாப்பிட்டே?"

அவள் முகம் மாறியது. இந்தக் கேள்வியை நான் இரண்டாவது தடவை கேட்டு அவள் பார்த்ததில்லை, அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இல்லை. மறுபடி இருமினாள். என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள், பிறகு அவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"சொல்லுடி" என்று மூன்றாவது தடவை நான் குரலை உயர்த்திக் கேட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.